முதல் இலைக்கு ஒரு சீப்புப் பழம்

"முதல் இலை எனக்கா, மாசிலாமணிக்கா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும், தாயி."

உலகம்மாள் சாம்பாருக்குச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தெரியலைன்னா?"

"நாலு மணி பஸ்ஸுல ஏறிருவேன். பெட்டி கட்டியாச்சு."

"பெட்டி கனமா, அண்ணாச்சி?"

"கொஞ்சம் கனம்தான்."

"அப்ப பஸ் நிக்கிற இடம் வரைக்கும் மாசிலாமணியத் தூக்கிட்டு வரச் சொல்லுவோம். அவருக்கு நல்ல தோளு."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுதான் இருக்கும். சீடர் குருவைத் தாயி என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். அந்த மடத்தில் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. குழப்பம் வந்தது இலையில்தான்.

மலையடிவாரத்து மடம் அது. சின்ன மடம். விதி என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மத்தியானப் பந்தியில் விளக்கை ஒட்டிப் போடுகிற முதல் இலை மூத்த சீடருக்கு. அந்த இலையில் சோறு விழுந்த பிறகுதான் மற்ற இலைகளில் விழும். யார் போட்ட விதியோ தெரியாது. போட்டவர் நல்ல சாப்பாட்டுக்காரராக இருந்திருக்க வேண்டும்.

அந்த இலையில் வெகுகாலமாக உட்கார்ந்திருந்த பெரியவர் நேற்றுக் காலையில் காசிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். இனித் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இலை காலியானது. அன்றைக்கே சண்டையும் வந்துவிட்டது.

மடத்தில் முதலில் கால் வைத்தது நான்தானே என்றார் ஆவுடையப்பன்.

கால் வைத்தவர் மகள் கல்யாணம் என்று ஊருக்குப் போய், பேரன் பிறந்த பிறகுதானே திரும்பி வந்தார் என்றார் மாசிலாமணி. அந்த இடைவெளியில் வந்து சேர்ந்தவர் அவர். வந்ததிலிருந்து மடத்தை விட்டு ஒரு நாளும் நகராதவர்.

"சர்வீஸ்ல பிரேக் விழுந்தா சீனியாரிட்டி போயிரும்லா, அண்ணாச்சி? தாலுகா ஆபீஸ்ல இருந்தவுக, உங்களுக்குத் தெரியாததா?"

இதுதான் ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. சைக்கிள் கடை வைத்திருந்தவன் எனக்கு சர்வீஸ் ரூல் சொல்வதா?

நேற்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இலையில் போய் உட்கார்ந்தார்கள். இலை நடுவில் கிழிந்தது. ஆவுடையப்பன் எழுந்து கையை ஓங்கிவிட்டார்.

"அடிக்கலை, தாயி. ஓங்கத்தான் செஞ்சேன். அதுக்கு அவன் என்ன செஞ்சான் தெரியுமா?"

"என்ன செஞ்சாரு?"

"சிரிச்சான்! பல்லு முழுக்கத் தெரிய ஈன்னு சிரிச்சான். அத்தனை பேருக்கு முன்னால. இலை போனாலும் போகட்டும்னு விட்டுருப்பேன். அந்தச் சிரிப்பை விட முடியலை."

உலகம்மாள் உரித்த உள்ளியைக் கிண்ணத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு நேற்று முதல் இலையில் யாரும் உட்காரவில்லை. அதனால் ஒருவருக்கும் சோறு விழவில்லை. வெந்த சோறு மாட்டுத் தொட்டிக்குப் போனது. மடமே பொரிகடலையைக் கொறித்துவிட்டுப் படுத்தது. இன்றைக்குக் காலையிலேயே சமையல்காரர் சங்கரலிங்கம் வந்து, "இன்னைக்கும் மாட்டுக்குத்தானா? அப்படின்னா உப்பைக் குறைச்சுப் போடுதேன்" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

உலகம்மாள் எழுந்து உள்ளே போனார். ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழத்தோடு வந்தார்.

"மேல சுனைக்கிட்ட ஒரு கொரங்குக் கூட்டம் கிடக்கு. அதுல மூத்தது யாரோ, அதுக்கு இதைக் குடுத்துட்டு வாங்க. உங்க கையால."

"குடுத்துட்டா?"

"முதல் இலை உங்களுக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கம்பு கொண்டுபோகாதிய."

ஆவுடையப்பனுக்கு ஒரே சந்தோஷம். குரு தன் பக்கம்தான் என்று முடிவு செய்துவிட்டார். இல்லாவிட்டால் இவ்வளவு சுலபமான வேலையைத் தருவாரா? மூத்தது யார் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஆயுள் முழுக்க அனுபவம். யாருக்கு நாற்காலி, யாருக்கு முக்காலி, யார் வந்தால் யார் எழுந்திருக்க வேண்டும், இதிலெல்லாம் அவர் கண் தப்பாது.

மலை ஏறினார்.

சுனையை ஒட்டி ஒரு அத்திமரம். மரத்திலும் பாறையிலுமாகக் கூட்டம் இருந்தது. பழத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

ஒரு பெட்டை மந்தி தண்ணீர் குடிக்கக் குனிந்தது. ஒரு இளங்கடுவன், வாலிப ஆண்குரங்கு, வந்தது. மந்தி நகர்ந்து இடம் விட்டது. இளங்கடுவன் குனிந்தது. பாறை மேலிருந்து ஒரு பெரிய கடுவன் இறங்கி வந்தது. இளங்கடுவன் வாயிலிருந்த தண்ணீரைக்கூட விழுங்காமல் நகர்ந்தது.

"சரிதான். இங்கயும் ஆபீஸ்தான்" என்றார் ஆவுடையப்பன். அவருக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது.

பெரிய கடுவன் தண்ணீர் குடித்து முடித்து, எந்தக் காரணமும் இல்லாமல் இளங்கடுவனுக்கு ஒரு அறை விட்டது. இளங்கடுவன் திருப்பி அடிக்கவில்லை. சுற்றிப் பார்த்தது. மந்தியைப் பிடித்துக் கடித்தது. மந்தி கத்திக்கொண்டே ஓடி, வழியில் கிடந்த ஒரு குட்டியை இழுத்து ஒரு சாத்து சாத்தியது. குட்டிக்குக் கீழே யாரும் இல்லை. அது ஒரு கிளையைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கியது.

ஆவுடையப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். கலெக்டர் தாசில்தாரைத் திட்டுவார். தாசில்தார் ஆவுடையப்பனைத் திட்டுவார். ஆவுடையப்பன் பியூனைத் திட்டுவார். பியூன் வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. இப்போதும் கொஞ்சம்தான் யோசித்தார்.

வேலை முடிய வேண்டும். எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, பழத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பெரிய கடுவனிடம் போனார்.

கிட்டே போகப் போக நடை சிறுத்தது. பெரிய கடுவன் உண்மையிலேயே பெரிதாக இருந்தது. அதன் கோரைப்பல் ஒன்று உதட்டுக்கு வெளியே தெரிந்தது. திரும்பிவிடலாமா என்று தோன்றியது. திரும்பினால் இலை போய்விடும்.

பெரிய இடத்துக்கு முன்னால் நிற்கும்போது எப்போதும் செய்வதையே செய்தார். சிரித்தார். சொந்தப் பல்லும் டாக்டர் கட்டின பல்லும் ஒன்றுவிடாமல் தெரியச் சிரித்தார்.

கடுவன் அவரை ஒரு பார்வை பார்த்தது. நிதானமாக வந்து சீப்பைப் பிடுங்கிக்கொண்டது. முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாறைக்குப் போய்விட்டது.

முடிந்தது! கொடுத்தாயிற்று! முதல் இலை!

ஆவுடையப்பன் திரும்பினார். வழியில் இளங்கடுவன் நின்றது. அதற்கும் சிரித்துவைத்தார். அது அவர் இடுப்புத் துண்டை உருவிக்கொண்டு போனது. மந்தி வந்து அவர் மடியைச் சோதனை போட்டது. கூட்டத்தில் இருந்த ஒவ்வொன்றும் வந்து தட்டிப் பார்த்தது, இழுத்துப் பார்த்தது, மேலே ஏறி இறங்கியது. குரங்குகளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. புதிதாக ஒரு ஆள் சேர்ந்திருக்கிறது. எல்லோருக்கும் கடைசி.

கடைசியாக அந்தக் குட்டி வந்தது. இத்தனை நேரம் கிளையை உலுக்கிக்கொண்டிருந்ததே, அதுதான். அதற்கும் ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அவர் கன்னத்தில் பளீரென்று ஒன்று வைத்தது. அவர் மூக்குப்பொடி டப்பாவைப் பிடுங்கியது. திறந்து முகர்ந்தது.

தும்மியது. தும்மித் தும்மிப் பாறையில் உருண்டது. எழுந்து மறுபடியும் முகர்ந்தது. மறுபடியும் தும்மியது.

பெரிய கடுவனிடம் காட்ட முடியாத கோபம், இளங்கடுவனிடம் காட்ட முடியாத கோபம், மாசிலாமணி மேல் மிச்சமிருந்த கோபம், எல்லாம் சேர்ந்து வந்தது ஆவுடையப்பனுக்கு.

"ஏய்!"

கையை ஓங்கினார்.

குட்டி உறைந்து போய் நின்றது. உதட்டைக் காது வரைக்கும் இழுத்து, பல்லு முழுக்கத் தெரிய, ஈ என்றது.

"சிரிக்கியா? நீயும் சிரிக்கியா?"

கை இன்னும் மேலே போனது. குட்டி இன்னும் அதிகமாகப் பல்லைக் காட்டியது. அப்படியே ஒன்றுக்கும் போய்விட்டது.

ஆவுடையப்பன் பாறையில் ஓடுகிற ஈரத்தைப் பார்த்தார். குட்டியின் முகத்தைப் பார்த்தார். சிரிக்கிறவன் யாராவது ஒன்றுக்குப் போவானா?

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

குட்டி வீலென்று கத்தியது. கத்தல் கேட்டுப் பெரிய கடுவன் பாறையிலிருந்து குதித்து வந்தது. வந்த வேகத்தில் வழியிலிருந்த இளங்கடுவனுக்கு ஒரு அறை. ஆவுடையப்பனுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணை அகல விரித்தது. வாயை வட்டமாகத் திறந்து முறைத்தது. கோபம் அந்த முகத்தில்தான் இருந்தது. இளிப்பு இல்லவே இல்லை.

ஆவுடையப்பனுக்கு ஓட வரவில்லை. தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். உயிர் போய்விடும் என்றே நினைத்தார். அப்போது கன்னம் இரண்டும் வலிப்பது தெரிந்தது.

அவர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். ஈ என்று, காது வரைக்கும்.

சந்தோஷம் மருந்துக்குக்கூட இல்லை.

"அட மாசிலாமணி" என்றார், பல்லை மூட முடியாமலே.

மந்தி மெல்ல வந்தது. ஆவுடையப்பனைப் பார்க்கவில்லை. கடுவனுக்குப் பக்கவாட்டில் வந்து, உதட்டைக் குவித்துச் சப்புக்கொட்டியது. சப் சப் சப். புளிப்பு மிட்டாய் தின்கிற சத்தம். கடுவன் முறைப்பை விடவில்லை. மந்தியும் விடவில்லை. சப் சப் சப்.

கடுவனின் புருவம் இறங்கியது. வாய் மூடியது. அதுவும் உதட்டைக் குவித்தது. சப்.

அவ்வளவுதான். அந்தப் பெரிய உடம்பு அப்படியே பாறையில் சாய்ந்து கையைத் தூக்கிக் காட்டியது. மந்தி அதன் அக்குளில் பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டது. சண்டை எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு குட்டியைத் தேடினார். அது ஒரு வேருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பொடி டப்பாவை விடவில்லை.

அக்கம்பக்கம் பார்த்தார். மனுஷர் யாரும் இல்லை.

உதட்டைக் குவித்தார். சப் சப்.

குட்டி காதை ஆட்டியது.

சப் சப் சப்.

சப், என்றது குட்டி.

வந்தது. தயங்கித் தயங்கி வந்தது. மடியில் ஏறியது. அவர் மார்பில் நரைத்துக் கிடந்த முடியை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேட ஆரம்பித்தது. என்னத்தையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

கூச்சம் தாங்கவில்லை அவருக்கு. சிரித்தார். இந்தச் சிரிப்பில் கன்னம் வலிக்கவில்லை. பேரனைக்கூட அவர் இப்படி மடியில் வைத்துக்கொண்டதில்லை. வேட்டி கசங்கும் என்று இருந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

துண்டும் பொடி டப்பாவும் இல்லாமல் மலை இறங்கினார்.

உலகம்மாள் இன்னும் உள்ளிதான் உரித்துக்கொண்டிருந்தார்.

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு, தாயி."

"மூத்ததுக்குத்தானே?"

"மூத்ததுக்குத்தான். சந்தேகமே இல்லை."

"அப்ப போய் உக்காருங்க. முதல் இலை உங்களுக்கு."

ஆவுடையப்பன் போகவில்லை.

"தாயி."

"என்ன அண்ணாச்சி?"

"நேத்து அவன் சிரிக்கலை."

"யாரு?"

"மாசிலாமணி. நான் கையை ஓங்கினேன்லா. அவன் சிரிக்கவே இல்லை, தாயி."

உலகம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"உள்ளி கண்ணுல பட்டுட்டோ?"

"ஆமா. பட்டுட்டு."

"கழுவிட்டுப் போங்க. இலை போட்டாச்சு."

பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பசி ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. விளக்கை ஒட்டி முதல் இலை காலியாகக் கிடந்தது. சங்கரலிங்கம் சோற்று வாளியோடு நின்றார். தீர்ப்பு வந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மடத்தில் ரகசியம் என்று எதுவும் நிற்காது.

மாசிலாமணி கைகழுவிவிட்டு உள்ளே வந்தார். காலையிலிருந்து விறகு வெட்டிய களைப்பு. வாசலில் ஆவுடையப்பன் நிற்பதைப் பார்த்தார்.

உதடு காதுவரைக்கும் போனது. பல்லு முழுக்கத் தெரிந்தது.

"வாங்க அண்ணாச்சி. உங்களுக்குத்தான் இலைன்னு தாயி சொன்னாகளாம். ரொம்ப சந்தோஷம். நான் ஓரமா அங்ஙன உக்காந்துக்கிடுதேன்."

சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்.

ஆவுடையப்பன் அவருக்கு முன்னால் போய் நின்றார். பந்தியே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் கை ஓங்கப் போகிறார் என்று நினைத்து ஒன்றிரண்டு பேர் எழுந்துகூட விட்டார்கள்.

அவர் உதட்டைக் குவித்தார்.

சப் சப் சப்.

மாசிலாமணி விழித்தார்.

"என்ன அண்ணாச்சி, பல்லு கழண்டுட்டா?"

சப் சப்.

"தண்ணி வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்வே. நீரும் கொட்டும்."

"எதை?"

"சப்பு."

மாசிலாமணி பந்தியைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. மூளை கலங்கிப்போன மனுஷரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, தயங்கித் தயங்கி உதட்டைக் குவித்தார்.

"சப்" என்றார்.

ஆவுடையப்பன் அவர் தோளைப் பிடித்து, தலையை இழுத்து, உச்சியில் பேன் தேட ஆரம்பித்தார். மாசிலாமணிக்கு முழு வழுக்கை.

"ஒண்ணையும் காணுமே வே."

"இருந்தாத்தானே, அண்ணாச்சி!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பந்தி முழுக்கச் சிரித்தது. மாசிலாமணி சிரித்தார். கண்ணை மூடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் மறந்து சிரித்தார். ஆவுடையப்பன் அந்த முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படித்தான் சிரிப்பாரா இவர்? இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது. அந்த வருத்தமும் அவருக்குப் பிடித்திருந்தது.

"நேத்து நான் கையை ஓங்கினது தப்புவே."

"நானும் இலையை இழுத்தேன்லா."

"சர்வீஸ்ல பிரேக்குன்னு சொன்னீரு பாரும், அது ரொம்பத் தப்பு."

"அது சரிதானே, அண்ணாச்சி?"

"சரிதான்வே. அதான் தப்பு."

இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி, பந்தியின் நடுவில் கிடைத்த இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

விளக்கை ஒட்டி முதல் இலை காலியாகவே கிடந்தது.

சங்கரலிங்கம் அங்கே பார்த்தார். இங்கே பார்த்தார். வாளி கை மாறியது. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தாயி, முதல் இலையில ஆளக் காணும். நான் எங்ஙன இருந்து ஆரம்பிக்க?"

உள்ளேயிருந்து உலகம்மாளின் குரல் வந்தது.

"சோறு வெந்துட்டா?"

"வெந்துட்டு."

"அப்ப போடுங்க."